ஆறு இசைத்தட்டுகள்

சிவகாசி, 12.3.1966

மதராஸில் புதையல் சேர்க்கும் நண்பனுக்கு,

நீ அனுப்பிய ஆறு ஆங்கில இசைத்தட்டுகளும் வந்தன. ஐம்பது வருடம் நிற்கப்போவது எது, எதைப் பூட்டி வைத்தால் விலை ஏறும் என்று என் காதை நம்பிக் கேட்டிருக்கிறாய். விருதுநகரில் மிளகாய் மூட்டையைத்தான் அப்படிப் பதுக்குவார்கள். நீ பாட்டையும் பதுக்குகிறாய்.

கிராமபோன் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தபடி முதல் தட்டைச் சுழலவிட்டேன். தங்கை மூக்கம்மாள் தோளை உலுக்கிக் காதருகே கத்தினாள்: "ஏண்ணே, பாட்டு முடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு! ஊசி சும்மா கெடந்து தேய்க்குது!"

உன் அப்பாவின் பட்டாசுக் கம்பெனியில் மூன்று சீசனாக எனக்கு என்ன வேலை என்று நீ கேட்டதில்லை. லோடு ஏற்றுமுன் வெடிகளை வெடித்துப் பார்க்கிற வேலை. காதுக்குப் பஞ்சு கேட்டேன். "நீ என்னலே, சங்கீத வித்வானா?" என்று உன் அப்பா சிரித்தார்.

ஆறில் ஐந்து தட்டுகளுக்குப் பெட்டி அசையவே இல்லை. குப்பை. திருப்பி அனுப்புகிறேன், பூட்டிக்கொள்.

மூன்றாவது தட்டுக்கு மட்டும் பெட்டி துள்ளியது. முழங்கை வரை அதிர்ந்தது. அது நிற்கும். அதை உனக்குத் தரமாட்டேன். இங்கே தினமும் தேயட்டும்.

இப்படிக்கு,
நீ நம்பிய காது