எங்கள் வீட்டுக்கு வரும் வழி

அன்பு மகள் ஜைனகுலுக்கு,

உன்மேலும் மாப்பிள்ளை தில்ஷோத்மேலும் இறைவனின் காவல் இருக்கட்டும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் உன் பெண் பெர்மெத்தின் டீச்சர் மீரிம். கதவைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். சுற்றுப்பாதையில் லாரி ஓட்டி வருகிறவர் இதை உன் கையில் தருவார். அவர் பெயர் வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நாம் பேசுவதை இப்போது யார் யார் கேட்கிறார்களோ, எனக்குத் தெரியவில்லை.

இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம். பாதாமி மரம் பூத்துவிட்டது, இன்னொரு பனி விழாமல் இருக்க வேண்டும். கறுப்பாடு இரண்டு குட்டி போட்டது. உன் சின்ன வயது பூட்ஸ் பெர்மெத் காலுக்குச் சரியாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு எழுத்துத் தேர்வு நடந்தது. ஒவ்வொரு பிள்ளையும் யார் உதவியும் இல்லாமல் நான்கு விதமாக எழுத வேண்டுமாம்: ஒரு கதை, ஒரு வர்ணனை, ஒரு கடிதம், ஒரு செய்முறை. டீச்சர் ஒரு புள்ளிகூடத் திருத்தக் கூடாது. மார்க் போட்டு, நல்லதைப் பொறுக்கி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். செய்முறை என்றால், முன்பின் தெரியாத ஒருவன் படித்துவிட்டு அப்படியே செய்ய முடிய வேண்டும். முடிந்தால்தான் முழு மார்க். தச்சன் எர்கெஷின் மகன் பசுவைக் கறப்பது எப்படி என்று எழுதினானாம், வாளியை மறந்துவிட்டான். "பாலைத் தரையிலயாடா கறந்தே?" என்று மீரிம் கேட்க வகுப்பே சிரித்ததாம். இன்னொருத்தி அரிசி போடாமலே புலாவ் ஆக்கிவிட்டாள்.

நம் பெண் எதையும் மறக்கவில்லை மகளே. 'எங்கள் வீட்டுக்கு வரும் வழி' என்று தலைப்பு வைத்து எழுதியிருக்கிறாள். எல்லையில் சாலை மூடிக் கிடக்கிறதே, அந்த வழி இல்லை. இருட்டில் எல்லை தாண்டி நீ வருகிற வழி.

அதில் இருந்ததை மீரிம் ஒரு தடவைதான் சொன்னாள். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் காதில் விழுந்தது போகாது. வாய்க்கால், பாலம், கம்பிவேலி எல்லாம் வரிசையாக இருக்கிறது. அவற்றை இங்கே சொல்ல மாட்டேன், ஒரு தடவை எழுதியதே போதும். மற்றதைச் சொல்கிறேன். 'செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளவும். இருமல் வந்தால் சால்வையைக் கடித்துக்கொள்ளவும். நாய் குரைத்தால் உட்கார்ந்துவிடவும், ஓடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கதவைத் தட்ட வேண்டாம். உள்ளே ஒரு சிறுமி விழித்திருப்பாள்.'

முழு மார்க். மாவட்டத்துக்கும் போய்விட்டது. மீரிம்மேல் கோபப்படாதே. ஒரு கட்டுத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள். "மார்க் போடும்போது ஒண்ணுக்கு அப்புறம் இன்னொண்ணு சரியா வருதான்னுதான் பாத்தேன் தாத்தா. எந்த ஊருக்குப் போற வழின்னு பாக்கவே இல்ல. அனுப்பிட்டு வீட்டுக்கு வந்து டீ ஊத்தினேன் பாருங்க, அப்பத்தான் உறைச்சுது" என்றாள்.

மறுநாளே பஸ் ஏறி மாவட்டத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தாராம். இந்த மாதிரி செய்முறை எந்தப் பள்ளியிலிருந்தும் வந்ததில்லை, நகல் எடுத்து எல்லா ஊர் டீச்சர்களுக்கும் மாதிரியாகக் கொடுக்கப்போகிறோம் என்றாராம். இவள் பதறிப்போய், "அது சும்மா கற்பனைங்க, கதைப் பக்கம் மாத்திடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, "கதைதான் இந்தப் பொண்ணு தனியா எழுதியிருக்கே, ஓநாய்க் கதை. இது கற்பனைன்னா செய்முறைக்கு மார்க்கே கிடையாதே. ஏன் டீச்சர் போட்டீங்க?" என்று கேட்டு, இவள் முகத்தையே பார்த்தாராம். அப்புறம் அவர் சிரிக்கவில்லையாம். தாளைத் திருப்பியும் தரவில்லை.

அதற்கு அப்புறம் நேற்று, சீருடைக்காரர்கள் இரண்டு பேர் வாய்க்கால் கரையோடு நடந்து போனார்கள். பாலத்தடியில் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் முறை பார்க்க வந்தவர்களாக இருக்கலாம். எர்கெஷ் அப்படித்தான் சொல்கிறான். "உமக்கு எதுக்குப் பெரியவரே இந்தப் பதட்டம், உம்ம தோட்டத்துத் தண்ணியையா திருடப்போறான்?" என்று கேலி செய்தான். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் தண்ணீர் பார்க்க வந்தவன் எதற்குக் கம்பிவேலியைக் கையால் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும்? போன வருஷம் தப்பிப் போன கழுதையைத் தேடி வேலிப்பக்கம் போனவனுக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும்.

பெர்மெத்தைத் திட்டவில்லை. "யார்கிட்டயும் சொல்லாதேன்னு உன் அம்மா சொன்னாளா இல்லையா?" என்று மட்டும் கேட்டேன். "நான் வாயே திறக்கல தாத்தா, எழுதத்தான் செஞ்சேன். நல்லாத் தெரிஞ்சதை எழுதுங்கன்னு டீச்சர் சொன்னாங்க. எனக்கு அதுதான் நல்லாத் தெரியும்" என்றாள். மார்க் அட்டையில் ஒரு சிவப்பு நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நவ்ரூஸ் பண்டிகைக்கு நீ வந்ததும் காட்ட வேண்டும் என்று, யாரையும் தொட விடுவதில்லை.

நவ்ரூசுக்குக் கோதுமை முளைகட்டி வைத்திருக்கிறோம், நன்றாக வந்திருக்கிறது. ஆட்டுக்குட்டியில் ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளை. மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? கூரையில் அந்த மூலை இன்னும் ஒழுகுகிறதா?

இந்த இடத்தில் மீரிம் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "தாத்தா, கடிதம்னா எதுக்கு எழுதறோம்னு அதுல தெளிவா இருக்கணும். நீங்க ஆட்டுக்குட்டி, கூரைன்னு சுத்திச் சுத்தி வர்றீங்க. என் பிள்ளைங்க இப்படி எழுதினா மார்க்கைக் குறைச்சிடுவேன்" என்கிறாள். பெர்மெத்துக்கும் கடிதத்தில்தான் மார்க் குறைவாம். உனக்குத்தான் எழுதியிருந்தாள். அம்மா, இங்கே மரம் பூத்திருக்கிறது, ஆடு குட்டி போட்டது என்று எழுதினாளே தவிர, வா என்று எழுதவில்லையாம்.

நான் எழுதச் சொல்லிவிடுகிறேன்.

வராதே. நவ்ரூசுக்கு வராதே, அதற்குப் பிறகும் வராதே. நானே ஆள் அனுப்பும்வரை வாய்க்கால் பக்கம் தலைகாட்டாதே. பெர்மெத்திடம் இன்னும் சொல்லவில்லை. நவ்ரூஸ் இரவு அவள் விழித்துத்தான் இருப்பாள். நானும் அவளோடு உட்கார்ந்திருப்பேன். நீ உன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு மகளே. உன் கண் நிறையத் தூக்கத்தை இறைவன் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா