வரவை மட்டும் நூறால் பெருக்கினோம்

கொட்டாம்பட்டி,
ஆனி 8, ஞாயிறு.

அன்பு மகன் முகேஷுக்கு,

அம்மா எழுதுகிறேன். சாமி புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. இரண்டு வருஷமாக நான் கேட்டதும், நீ சூப்பரா இருக்கேம்மா என்று சொன்னதும் போதும். உன்னோடு ஒரே அறையில் இருக்கும் சூரியபிரகாஷ் போன வாரம் நம் வீட்டுக்கு வந்திருந்தான், நீ எப்படி இருக்கிறாய் என்பதை அவன் வாயால் தெரிந்துகொண்டேன். போனில் கேட்டால் நீ சரிம்மா சரிம்மா என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவாய், எனக்கும் பாதியில் அழுகை வந்துவிடும். அதனால்தான் பள்ளிக்கூட நோட்டில் நாலைந்து தாளைக் கிழித்து எழுதி, அவன் அயர்லாந்துக்குத் திரும்பும்போது எடுத்துவரப் போகும் பருப்புப்பொடிப் பொட்டலத்தோடு வைத்து அனுப்புகிறேன். படிக்கும்போது அம்மா கோபமாக எழுதியிருக்கிறாளே என்று தோன்றினால் அது சரிதான், கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் என்மேல்தான்.

அந்தப் பையன் அவன் தங்கச்சி கல்யாணத்துக்காகப் பசுமலைக்கு வந்தவன், நீ கொடுத்துவிட்ட சாக்லேட்டையும் அப்பாவுக்கு வாங்கிய ஸ்வெட்டரையும் சேர்ப்பதற்காக பஸ் மாறி இவ்வளவு தூரம் வந்தான். இந்த வெயிலில் உங்கப்பா அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு டீக்கடை வரைக்கும் போய்வந்தார், அதை என்ன சொல்ல. நான் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். பதினாறு வருஷமாகச் சத்துணவில் ஆக்கிப் போடுகிறவள் நான், தட்டை நீட்டும் விதத்திலேயே எந்தப் பிள்ளை காலையில் சாப்பிட்டது, எது சாப்பிடவில்லை என்று சொல்லிவிடுவேன். சூரியபிரகாஷ் சாப்பிட்ட வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே என்னப்பா சாப்பிடுகிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவன் உங்கப்பா முகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பேச்சை மாற்றினான். நான் விடவில்லை. கடைசியில், "நாங்கூடப் பரவாயில்லம்மா, முகேஷு மத்தியானம் ஒண்ணுமே சாப்பிடுறதில்ல, வேல பாக்குற குடோன்ல சும்மா குடுக்குற டீயவும் பிஸ்கட்டவும் வச்சே ஓட்டிருவான்" என்று சொல்லிவிட்டான். இரண்டு யூரோ டிக்கெட்டை மிச்சம் பிடிக்க நாற்பது நிமிஷம் நடந்தே வேலைக்குப் போகிறாயாம், பல்வலியோடு மூன்று மாதமாக ஒரு பக்கமாகவே மென்று, மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிறாயாம். உங்கப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இதெல்லாம் எதற்கென்று அவன் சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும். உங்க அக்கா கனகா மகளுக்கு ஆவணியில் காதுகுத்து. தாய்மாமன் நீ, உன் மடியில் உட்கார வைத்துத்தான் பாப்பாவுக்குக் காது குத்த வேண்டும், அது மாற்ற முடியாத முறை. ஆனால் சீர் இவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. பங்குனியில் பரவைக்குப் போயிருந்தபோது உங்க அக்காவின் மாமியார் தங்கப்பொண்ணு பேச்சோடு பேச்சாக, "எங்க மூத்த மருமக வீட்ல அம்பத்தொரு தட்டு வச்சாக மதினி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான்தான் பதறிப்போய், என் மகன் அயர்லாந்தில் இருந்து வருகிறான், நூற்றியொரு தட்டு, மூன்று பவுன் சங்கிலி, தாரை தப்பட்டையோடு ஊர்வலம் என்று அளந்துவிட்டேன். வெளிநாட்டுத் தாய்மாமன் என்று பிளக்ஸ் அடிக்க உங்கப்பா அன்றைக்கே போட்டோ தேட ஆரம்பித்துவிட்டார். உன்னிடம் சொன்னபோது ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை நீ, செஞ்சிருவோம்மா என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் சீருக்காக மாதம் எண்ணூறு யூரோவைத் தனியே எடுத்து வைக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

நாங்கள் செய்த தப்பு என்னவென்று யோசித்துப் பார்த்தேன் முகேஷு. உன் சம்பளம் பிடித்தம் போக இரண்டாயிரத்து முன்னூறு யூரோ என்று தெரிந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் கணக்கு வாத்தியார்தான். யூரோ நூறு ரூபாயைத் தொட்டுவிட்டது என்று உங்கப்பா டீக்கடையில் இருப்பவர்களுக்கெல்லாம் போனைத் திறந்து காட்டுகிறார். இரண்டு லட்சத்து முப்பதாயிரம், கலெக்டர் சம்பளம் என்கிறார்கள். வருகிறதை மட்டும் நூறால் பெருக்கினோமே தவிர, போகிறதை ஒரு நாளாவது பெருக்கிப் பார்த்தோமா? சூரியபிரகாஷை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரே அறையில் இரண்டு கட்டில், உன் கட்டிலுக்கு மட்டும் கரண்டோடு சேர்த்து எழுநூற்றுச் சொச்சம் யூரோ, நம் காசுக்கு எழுபத்தைந்தாயிரமாவது இருக்கும். அந்தக் காசுக்கு இங்கே கொட்டாம்பட்டியில் இரண்டு வருஷம் முழு வீட்டையே வாடகைக்குப் பிடிக்கலாம். முடி வெட்ட ஆயிரத்து எண்ணூறு ரூபாய். டாக்டர் கையைப் பிடித்துப் பார்க்க ஆறாயிரம். ஒரு கொத்து மல்லித்தழை நூற்றைம்பது என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆனாலும் நூறால் பெருக்கிப் பெருக்கி மலைப்பதில் அர்த்தமில்லை என்றும் பட்டது. நான் நாற்று நடப் போன காலத்தில் நாங்கள் எந்தச் சாமானுக்கும் ரூபாயில் விலை பேசிக்கொண்டதில்லை, இது எத்தனை நாள் கூலி என்றுதான் கேட்போம். சேலை என்றால் நாலு நாள் கூலி, அரிசி என்றால் அரை நாள் கூலி. அதே மாதிரி உன்னுடையதையும் பார்த்தேன். மணிக்குப் பதின்மூன்று யூரோ உன் கையில் நிற்கும் என்றான் சூரியபிரகாஷ். பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்ய அங்கே எண்ணூறு யூரோ, அதாவது உன் எட்டு நாள் உழைப்பு. போன வருஷம் உங்கப்பாவுக்குப் பசுமலையில் அதே வைத்தியத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு ஆயிற்று, அது அவருக்கு ஒன்பது நாள் கூலி. பார்த்தாயா, அப்பனும் மகனும் ஒன்றுதான், கலெக்டரும் இல்லை ஒன்றும் இல்லை. இதைச் சொன்னதற்கப்புறம் உங்கப்பா அன்று டீக்கடைப் பக்கமே போகவில்லை. ஆனால் பால், முட்டை, உருளைக்கிழங்கு இதையெல்லாம் அதே அளவில் பார்த்தால் உங்கள் ஊர்தான் மலிவு. ஒரு டஜன் முட்டைக்கு நீ இருபது நிமிஷம் வேலை பார்த்தால் போதும், இங்கே வயல் வேலை பார்க்கிற பொம்பளை ஒண்ணே முக்கால் மணி நேரம் குனிந்து நிமிர வேண்டும். அப்படியிருக்க என் பிள்ளை ஏன் பட்டினி கிடக்கிறான் என்று யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. உன் மத்தியானச் சாப்பாட்டைப் பறித்தது அந்த ஊர் விலைவாசி கிடையாதப்பா. நான் வாய்விட்ட நூற்றியொரு தட்டுதான். நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்கு நாள் தவறாமல் மத்தியானம் முட்டை உரித்து வைக்கிற கை இது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூட வேலை முடிந்ததும் பஸ் ஏறிப் பரவைக்குப் போனேன். உங்கப்பா வரமாட்டேன் என்றுவிட்டார், அவருக்கு வெட்கம். கனகாவின் மாமனார் பேயாண்டி அண்ணன் மார்க்கெட்டில் வெங்காயக் கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. அண்ணே, நூற்றியொரு தட்டு என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு, அதைச் செய்வதற்காக என் மகன் அங்கே வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான், அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன். அவர் தக்காளி அங்கே என்ன விலை என்று கேட்டார், வெங்காயம் கேட்டார், மல்லித்தழை விலையைச் சொன்னதும் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். "என்னாது, ஒரு கொத்தா? தோட்டத்துல ஒரு வெல, மார்க்கெட்ல ஒரு வெல, டவுன்ல ஒரு வெலன்னு தெனமும் பாக்குற ஆளு நானு. அந்தூருக் காச அந்தூரு வெலையோட வச்சுப் பாக்கணும்னு எனக்கே தோணலயே தங்கச்சி" என்றார். தங்கப்பொண்ணு மதினி, "அப்ப ஒரு அம்பத்தொண்ணாச்சும்..." என்று இழுத்தாள். அண்ணன் ஒரு பார்வை பார்த்தார், மதினி எழுந்து காப்பி போடப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் வாசலிலும் நாலு பேர் வந்து கேட்கத்தான் செய்வார்கள். பதினோரு தட்டு என்று முடிவானது. பழமும் வளையலும் பாப்பாவுக்கு உடுப்பும் நாங்கள் இங்கேயே வாங்கிவிடுகிறோம், காதுக்கு ஒரு ஜோடித் தோடு என் சேமிப்பில் ஆகிவிடும், வாழைத்தார் அண்ணனே தருகிறேன் என்றுவிட்டார்.

கனகாவைப் பற்றி உனக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னைப் பஸ் ஏற்றிவிடக்கூட அவள் வரவில்லை. அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "எல்லாரு முன்னாடியும் எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வப்பேம்மா" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கும் ஆசை இருக்குமில்லையா, மூத்த மருமகளுக்கு வந்தது தனக்கும் வர வேண்டும் என்று. நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் காலையில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்ததும், "தம்பிக்கு எந்தப் பக்கம் பல்லும்மா வலிக்குது" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் இருக்கிறோமே என்று இரண்டு பேரும் போனை வைத்துக்கொண்டு அழுதோம். இப்போது உன் மச்சானிடம் சொல்லி, நீ வந்து இறங்கிய மறுநாளே பசுமலை டாக்டரிடம் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறாள். அதற்குள் வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அங்கேயே போய்க் காட்டு, காசைப் பார்க்காதே, பல்லை வைத்துக்கொண்டு விளையாடக் கூடாது.

விமான டிக்கெட் எடுத்துவிட்டாயாம், அது இருக்கட்டும், நீ வந்துதான் ஆக வேண்டும். தனியே எடுத்து வைத்திருக்கிற பணத்தில் இனி ஒரு காசு சேர்க்காதே. இதுவரை சேர்த்ததை முதலில் உன் வயிற்றுக்கும் பஸ்ஸுக்கும் செலவழி. இன்னொன்று, மாதாமாதம் எங்களுக்கு அனுப்பும் முப்பதாயிரத்தையும் நிறுத்து. எங்கள் இரண்டு பேருக்கும் பத்தாயிரத்துக்குள் வீடு நடந்துவிடுகிறது, ரேஷன் அரிசி இருக்கிறது, என் சம்பளம் இருக்கிறது, உங்கப்பாவும் சும்மா இருப்பதில்லை. நீ அனுப்பியதில் பெரும்பாலும் வருகிறவன் போகிறவன் விசேஷத்துக்கெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளை வீடு என்று பெரிய மொய்யாக எழுதியதிலும், தேவையில்லாமல் வாங்கிய ஏசியிலும்தான் போயிருக்கிறது. அந்த ஏசியைக் கரண்டு பில்லுக்குப் பயந்து நாங்கள் போடுவதே இல்லை. எங்களுக்கு உண்மையாகவே முடை என்றால் நானே வாய்விட்டுக் கேட்பேன், பெற்ற மகனிடம் கேட்க எனக்கு என்ன வெட்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள் ராசா. பொடியோடு வடகமும் மாவற்றலும் வைத்திருக்கிறேன், சூரியபிரகாஷுக்கும் பங்கு உண்டு, அவனைத் திட்டாதே, அவன் சொல்லாவிட்டால் நான் இன்னும் தட்டை எண்ணிக்கொண்டு இருந்திருப்பேன். நம் குலசாமி உன் கூடவே நிற்கட்டும், நோய் நொடி இல்லாமல் நீ ஊர் வந்து சேர வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ அனுப்பிய பணம் பேங்கில் ஏறுகிற அன்றைக்குத்தான் உன் போன் வருகிறது. மற்ற நாளில் வருவதில்லை. வெறுங்கையோடு பேசக் கூச்சமாக இருக்கிறதோ என்னவோ, அப்படி உன்னை ஆக்கிவைத்தது நாங்கள்தான். வருகிற மாதத்திலிருந்து பணம் வராது. போன் வர வேண்டும். எடுத்ததும் பணம் வந்துருச்சாம்மா என்று கேட்காதே, அம்மா என்று கூப்பிடு.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா,
சு. மலையம்மாள்