மொட்டைப் பிரஷ்

அழுக்கு மேஸ்திரி அவர்களுக்கு,

நானும் உங்கள் அம்மாவும் நலம். நம் மாதிரிக் கட்டடப் பட்டறைதான் சுமார். போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். பேசினால் நீங்கள் "ம்", "சரி" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை, எனக்கும் குரல் ஏறிவிடுகிறது. காகிதம் என்றால் முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும்.

நீங்கள் போய்ச் சேர்ந்த அந்தக் கம்பெனியில் உங்களை நிரந்தரமாக்குகிறார்களாம், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அத்தை சொன்னார். "அவ என்ன நினைக்கிறான்னு கேட்டுச் சொல்லும்மா" என்றீர்களாமே! கட்டின பெண்டாட்டிக்கு ஒரு தூதா? அத்தையும் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். அதற்கு முன் வேலைச் செய்தி.

பஸ் டிப்போக்காரர்கள் தங்கள் பழைய ஷெட்டைச் சின்னதாகச் செய்து கேட்டிருக்கிறார்கள். புது ஷெட் வரப்போகிறது, பழசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆபீஸில் நிறுத்துவார்களாம். அட்டை வெட்டியது, தூண் நிறுத்தியது, கூரைக்குத் தகரம் மாதிரி நெளிநெளியாக அலுமினியத் தாள் மடித்தது எல்லாம் நானே. மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், ஒரு முடி விலகியிருக்காது. அதைப் பார்க்க அவர்களுடைய தலைமை மெக்கானிக் வந்தார். சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "ஏம்மா, இது டிப்போவா ஆஸ்பத்திரியா? செருப்புப் போட்டுட்டு உள்ள வரலாமா?" என்று கேட்டார். டீ கொண்டுவந்த உங்கள் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது.

கட்டி நிமிர்த்துவது நான், துருவும் கறையும் ஏற்றிப் பழசாக்குவது நீங்கள் என்று இத்தனை வருஷமாகப் பிரித்துக்கொண்டுவிட்டோம். சரி, இதென்ன பெரிய வித்தையா, பூசத்தானே வேண்டும் என்று உங்கள் அலமாரியைத் திறந்தேன். துருப்பொடி, கரிப்பொடி, தின்னர், ஸ்பாஞ்சு, சாமணம், உப்புத்தாள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. துருப்பொடியைத் தின்னரில் குழைத்துக் கூரையில் ஒரு இழுப்பு இழுத்தேன். துருவும் சேர்ந்தது, அடியில் இருந்த சாம்பல் பெயிண்டும் பால் ஆடை மாதிரி சுருண்டு கையோடு வந்தது. நடுவில் வார்னிஷ் அடித்துக் காயவிட வேண்டுமாமே! அதை என்னிடம் யார் சொன்னார்கள்? கூரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மடித்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. உங்கள் வீட்டு நாக்கு உங்களுக்கு மட்டும்தான் வாய்த்தது என்று நினைத்திருந்தேன்.

பிறகு டிப்போவுக்கே போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். தூண்களில் ஆள் சாயும் உயரத்துக்கு மட்டும் கறுப்பு. அதற்கு மேலே சுத்தம். பஸ்ஸுக்கு அடியில் இறங்கும் குழியைச் சுற்றி எண்ணெய் வட்டம், ஒன்றின்மேல் ஒன்று. அதையெல்லாம் நம் சின்ன ஷெட்டில் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிக் கொண்டுவந்துவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்திருக்கிறது. மெக்கானிக் மறுபடி வந்தபோது ஒரு தூணைக் காட்டி, "இது நான் சாயுற தூணு" என்றார். உங்களிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று தோன்றியது. நீங்கள் இல்லை. கோபம் வந்தது.

மிச்சம் இருப்பது கூரைதான். ஆணித் தலையில் தொடங்கித் துரு கீழே வடிந்து, போகப்போக மறைய வேண்டும். புதுப் பிரஷ் கோடு போடுகிறது. பழைய பல் பிரஷ் புள்ளி வைக்கிறது. அத்தை தன் பவுடர் பஞ்சைக் கொடுத்தார், அது மேகம் போட்டது. வார்னிஷ் இருந்ததால் மூன்றையும் துடைத்தெடுக்க முடிந்தது. உங்களுடைய அந்த மொட்டைப் பிரஷ்ஷைத் தேடினேன். பாதி முடி கொட்டி, கைப்பிடியில் நூல் சுற்றியிருக்குமே, அதுதான். அலமாரியில் இல்லை, மேஜைக்கு அடியில் இல்லை. அத்தையைக் கேட்டேன். "அவன் பெட்டியில சட்டைக்கு நடுவுல வச்சு எடுத்துட்டுப் போனான்" என்றார்.

அங்கே விற்பனைக்கு நிற்கும் புது அடுக்குமாடிகளைத்தான் சின்னதாகச் செய்கிறீர்களாம். கையுறை போட்டுக்கொண்டு தினமும் தூசி துடைப்பீர்களாம். அழுக்கு மேஸ்திரிக்குத் துடைக்கிற சம்பளம்! அது உங்கள் பிழைப்பு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பொட்டு அழுக்குக்கும் இடமில்லாத ஊரில் அந்த மொட்டைப் பிரஷ்ஷுக்கு என்ன வேலை என்று மட்டும் எனக்குப் புரியவில்லை. துருப்பொடி இங்கே, பிரஷ் அங்கே.

கிளம்புவதற்கு முந்தின நாள், அழுக்கில்லாவிட்டால் என் கட்டடமெல்லாம் வெறும் பொம்மை என்றீர்கள். கோணல் சுவரை மறைக்கத்தான் அழுக்கு அடிக்கிறீர்கள் என்றேன். நான் சொன்னதை இன்றும் சொல்வேன், உங்கள் சுவர்கள் கோணல்தான். நீங்கள் சொன்னதும் சரிதான் என்று இப்போது தெரிகிறது. இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு அங்கே தலைக்கனம் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

நிரந்தரம் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஸ்டூலில் நான் அட்டை அடுக்கவில்லை, காலியாகத்தான் கிடக்கிறது. டிப்போக்காரர்கள் அடுத்த மாதம் பெட்டியோடு வந்து எடுத்துப் போவார்கள். கூரையைக் கழற்றித் தனியாக, தூசி படாமல் மூடி வைத்திருக்கிறேன். தூசி ஏற்றுவது உங்கள் வேலை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தின்னர் வாடை இல்லாமல் தூக்கம் வருகிறதா? எனக்கு அந்த வாடை இல்லாவிட்டால் வருவதில்லை, மூடியைக் கொஞ்சம் திறந்துவைத்துத்தான் படுக்கிறேன். அத்தை திட்டுகிறார்.

அந்தப் பிரஷ்ஷைத் தயவுசெய்து பார்சலில் அனுப்பிவிடாதீர்கள். வழியில் நசுங்கி, இருக்கிற முடியும் வளைந்துவிடும். கையோடு கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நேர்ச்சுவர் மேஸ்திரி