நிற்காத சத்தம்

என் அன்பானவருக்கு,

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். விடிந்ததும் படகு கிளம்புகிறது என்று இப்போதுதான் தெரிந்தது. குட்டி மடியில் தூங்குகிறாள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். அவளுக்கு இன்னொரு பல் வந்துவிட்டது. என் தோளைத்தான் கடித்துப் பார்க்கிறாள்.

புயலில் உங்கள் தீவோடு பேசுகிற வயர்லெஸ் கெட்டுவிட்டதாம். தினமும் உங்கள் அலுவலகத்தில் போய் நின்றேன். மேலதிகாரி, "கப்பலுக்கு வழிகாட்டுற சிக்னல் விடாம வந்துட்டுதான் இருக்கும்மா. மெஷின் ஓடுதுன்னா உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார்னுதானே அர்த்தம்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதை நானே கேட்காமல் மனசு ஆறவில்லை.

நீங்கள் விட்டுப்போன பழைய ரேடியோ ரிசீவரில் அந்த சிக்னல் வரும் தாழ்ந்த அலைவரிசை உண்டு. ஆனால் வெறும் இரைச்சல். அதனால் குட்டியின் பழைய தொட்டில் சட்டத்தைக் கழற்றி, மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய செம்புக் கம்பியை அதைச் சுற்றிச் சுற்றினேன். அலைவரிசையைப் பிடிக்க வேண்டிய கண்டென்சரை உங்கள் தம்பி பற்றவைத்துக் கொடுத்தார். "அண்ணி, இது ஆன்டெனாவா, துணி காயப்போடுற ஸ்டாண்டா?" என்று கேலி வேறு.

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகுதான் புரிந்தது, ஜன்னல் மாதிரி அதன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்! இயற்பியல் படித்தவள் செய்கிற வேலையா இது? விளிம்புப் பக்கத்திலிருந்து வருவதைத்தான் அது நன்றாகப் பிடிக்கும்; விளிம்பு தீவைப் பார்க்கும்படி திருப்பினேன். இரைச்சலுக்கு நடுவே மெல்லியதாக உங்கள் நிலையத்தின் சத்தம். அத்தை அழுதுவிட்டார். இப்போதெல்லாம் அதைக் கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறார்.

அத்தையிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். தினமும் சாயங்காலம் மின்சாரத்துக்கு ஓடும் ஒரு இன்ஜினை அணைத்து இன்னொன்றைப் போடும்போது சிக்னல் கொஞ்ச நேரம் நிற்கும், அப்போதுதான் தீவே அமைதியாக இருக்கும், உன்னை நினைத்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அந்த அமைதிக்காகக் காத்திருக்கிறேன். வரவே இல்லை. நான் சமைக்கும்போது உங்கள் தம்பி ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார். சத்தம் நின்றதாக அவருக்கும் தெரியவில்லை. டாங்க்கில் எண்ணெய் இருக்கிறவரை யாரும் தொடாமல் அந்த மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறதோ? உங்களோடு வேலை பார்த்தவரும் காய்ச்சலென்று போன தடவை வந்த படகிலேயே திரும்பிவிட்டார்; அங்கே நீங்கள் மட்டும்தான். எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நான்தான் அது எப்போது நிற்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறேன்.

அந்த இன்னொரு இன்ஜின் ரிப்பேராக இருக்கலாம், அதனால்தான் மாற்றவில்லை என்றார் உங்கள் தம்பி. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தக் கடிதத்தை உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று படகுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். கரையில் நீங்கள் இல்லையென்றால் இன்ஜின் அறை வரைக்கும் போய்ப் பார்க்கச் சொன்னேன். மருந்துப் பெட்டியும் கொடுத்தனுப்புகிறேன். "என்னம்மா, ஆஸ்பத்திரியே கிளம்புது" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். சோம்பேறித்தனத்தில் இன்ஜினை மாற்றாமல் விட்டிருந்தால் திட்டவே மாட்டேன், சத்தியமாக. அதே படகில் ஒரு வரியாவது எழுதி அனுப்புங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்,
குட்டியின் அம்மா