பழுது என்று நீ எழுதிய நாற்பது நாட்கள்

அன்புள்ள மைத்துனனுக்கு,

இங்கு நலம். உன் அக்காவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. எங்கள் மகளுக்கு எட்டாம் மாதம். குழந்தை வருமுன்னே கொடி நிறையக் குட்டிச் சட்டைகள் காய்கின்றன.

நீ அனுப்பிய கட்டுரையை மூன்று முறை படித்தேன். பகலில் கறையான் புற்றின் வெளிச்சுவர் சூடாகி, காற்று ஓரமாக மேலேறி நடுவில் இறங்கும்; இரவில் சுவர் ஆறியதும் ஓட்டம் திரும்பும் என்பதை அழகாக விளக்கியிருக்கிறாய். நான் பாடம் நடத்திய பள்ளிக்குப் பின்னால் இருந்த புற்றில் நான்கு ஆண்டுகள் நான் எடுத்த அளவுகள் உன் வரைபடத்தில் கோடுகளாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி உன் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பதினோராம் பக்கத்து அடிக்குறிப்பைப் பிறகுதான் கவனித்தேன். "அளந்தவரின் வெப்பமானி பழுதானதால் நாற்பது நாள் அளவுகள் நீக்கப்பட்டன."

அளந்தவன் நான். தினமும் காலையில் வெப்பமானியை உருகும் ஐஸில் வைத்து, சுழியம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே புற்றில் செருகுவேன். அந்த ஐஸை பிளாஸ்க்கில் சுமந்து வந்தவள் உன் அக்கா. விடுமுறைக்கு வந்த நீதானே, "ஏன் அத்தான், தெர்மாமீட்டருக்குக்கூடவா பரீட்சை வைப்பீங்க?" என்று சிரித்தாய்!

அந்த நாற்பது நாளும் வானம் மூடிக்கிடந்தது; இரவும் பகலும் ஒரே புழுக்கம். குழாயால் இணைத்த இரண்டு தொட்டிகளில் நீர்மட்டம் ஒன்றாகிவிட்டால் ஓட்டம் நின்றுவிடும் அல்லவா? அப்படித்தான் புற்றிலும் சுவரும் நடுவும் ஒரே சூடாகி, காற்று நின்றுபோனது. கறையான்கள் உச்சியில் புதுத் துளைகள் போட்டன. அதைச் சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன். "இதுதான் அத்தான் முக்கியமான விஷயம்" என்று நீ தொலைபேசியில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

புற்றைப் போலவே கட்டடத்திலும் காற்று தானாக ஓடும் என்று உன் கட்டுரையை நம்பி, மின்விசிறியும் இல்லாமல், கூரையில் ஒரு திறப்பும் இல்லாமல், இங்குள்ள மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் வார்டைக் கட்டி முடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் திறப்பு. "என் தம்பி கணக்குப் போட்ட வார்டுலதான் என் பேரப்பிள்ளை கண்ணு முழிக்கணும்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள் உன் அக்கா. கட்டுரையை அவள்தான் பீரோவில் வைத்திருக்கிறாள். பதினோராம் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டேன். எண்ணிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

எங்கள் மகளை வேறு இடத்துக்கு அழைத்துப் போய்விடலாம். மற்றவர்களின் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவேன்?

அளவுகளைக் குறித்துவைத்த பழைய நோட்டுடன் நேற்று மருத்துவமனைக்குப் போனேன். பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், உங்க கருவிதான் பழுதுன்னு அவரே எழுதியிருக்காரே" என்றார். நான் சொல்வதை யாரும் கேட்காதபடி நீ முன்பே பார்த்துக்கொண்டாய்.

ஆகவே மருத்துவமனைக்கு நீதான் எழுத வேண்டும். கூரை உச்சியைத் திறக்கச் சொல். விசிறி மாட்டச் சொல். உன் பெயர் கொஞ்சம் கசங்கும், கிழிந்துவிடாது. என் பெயரை அதில் சேர்க்க வேண்டாம். வெப்பமானி சரியாக இருந்தது என்ற ஒரு வரி போதும். அதன் நகலை உன் அக்காவுக்கு அனுப்பு. கவரை அவளே பிரிக்கட்டும். அது வரும்வரை அந்தப் பக்கம் என்னிடமே இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றும் என்னால் எழுத முடிகிறது.

உன்
அத்தான்