உங்கள் இடப்பக்கம்

இன்று காலைத் தபாலில் உங்கள் பெயருக்கு ஒரு தடித்த உறை வந்தது. பிரான்சிலிருந்து. அடுப்பும் கட்டிலும் உள்ள மோட்டர்ஹோம் வண்டிகளை வாடகைக்கு விடும் அந்த நிறுவனம் தன் விளம்பரப் புத்தகத்தை மூன்றாவது வருடமாக அனுப்புகிறது. பயணத்தை நிறுத்திவிட்டோம் என்று நீங்கள் எழுதிய கடிதம் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். பட்டியலிலிருந்து பெயரை எடுக்க எவருக்கும் தோன்றவில்லை. முதல் இரண்டு உறைகளையும் திறவாமலே குப்பையில் போட்டேன். இன்று ஏனோ கத்தியால் ஓரத்தை வெட்டினேன். பளபளப்பான புதுத் தாளின் வாசனை, மண்ணெண்ணெயும் பசையும் கலந்தது போல, மேசையெங்கும் பரவியது. அந்த வாசனைக்குள் நீங்கள் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன். சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

அந்த ஜனவரியில் பாரிஸிலிருந்த உங்கள் பழைய நண்பர் ஒரு வீடியோ கசெற் அனுப்பியிருந்தார். மலைமேல் சைக்கிள் போட்டி. ஜனவரி கோடையாக வரும் இந்த நாட்டில், பக்குரங்காவில் மகன் தன் வீட்டுக்குப் பின்னால் நமக்கென்று கட்டித் தந்த இரண்டறை வீட்டில், வெயில் சுட்ட பின்னேரங்களில், அதை எத்தனை தரம் போட்டீர்கள் என்று எண்ணவில்லை. இளவயதில் சித்திரை வருடப்பிறப்புச் சைக்கிள் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவர் நீங்கள். முதலாவதாக வந்தவனுக்குக் காற்று பின்னாலிருந்து அடித்தது என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"இஞ்சேரும், இதை நேரில பாக்கவேணும்," என்றீர்கள்.

"ரீவியில நல்லாத்தானே தெரியுது."

"ரீவியில மூச்சுக் கேக்காதப்பா. அவங்கள் மேல ஏறேக்க விடுற மூச்சைப் பக்கத்தில நிண்டு கேக்கவேணும்."

அடுத்த நாளே சாப்பாட்டு மேசை நில அளவைக் கந்தோராகிவிட்டது. முப்பத்திரண்டு வருடம் நிலம் அளந்தவருக்குத் திட்டமிடச் சொல்லித் தரவேண்டுமா? வரைபடங்கள், அளவுகோல், கூர் சீவிய நான்கு பென்சில்கள். போட்டிக்கு முதல்நாள் மலைப்பாதையை மூடிவிடுவார்கள், ஆகவே இரண்டு நாள் முன்னதாக ஏறி, ஏழாவது கொண்டை வளைவுக்கு மேலே வண்டியை ஓரம்கட்டி, அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கி, அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி எத்தனை நாளைக்குக் காணும், அரிசி எத்தனை சுண்டு, எல்லாம் கணக்கிட்டீர்கள். எல்லர்ஸ்லியில் வேலை முடிந்து வந்த மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்கள் ரேஸ் பாக்கப் போறீங்களோ, ரேஸ் நடத்தப் போறீங்களோ?" என்று கேட்டான்.

நானும் சிரித்தேன். ஆனால் வரைபடத்தைப் பார்த்தபோது என் சிரிப்பு நின்றது. நீங்கள் பென்சிலால் குறித்த ஊர்கள் எல்லாம் தாளின் வலது பாதியிலேயே இருந்தன. இடது பாதியில் ஒரு புள்ளியும் இல்லை.

அதற்கு ஒரு வருடம் முன்பே அது தொடங்கியிருந்தது. தட்டில் இடப்பக்கச் சோறு மிஞ்சும். பழக்கக்கேடு என்று நினைத்துக் கண்டித்தேன். தட்டைத் திருப்பி வைத்ததும் மிச்சத்தையும் சாப்பிட்டீர்கள், புதிதாகப் பரிமாறியது போல. பிறகு கதவு நிலையில் இடத்தோள் மோதத் தொடங்கியது. விசேட வைத்தியர் படம் எடுத்துப் பார்த்தார். மூளையில் ஒரு சின்ன அடைப்பு வந்து போயிருக்கிறது, இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பார்வை போய்விட்டது, கார் ஓட்டக்கூடாது, நீங்களாகவே விட்டுவிடுங்கள் என்றார். மென்மையாகப் பேசும் மனிதர். இரத்தம் உறையாமலிருக்கத் தந்த குளிசைகளை ஒரு நாளும் தவறவிடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

கார் தரிப்பிடத்தில் நீங்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"இது எங்களுக்குள்ள இருக்கட்டும்," என்றீர்கள்.

அப்போது நான் சொன்ன பதிலை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. "ஏறுங்கோ. இடப்பக்கம் நான் இருக்கிறன்தானே. பாத்துச் சொல்லுறன்."

யோசனை என்னுடையது. மகனிடம் கடைக்குக் கூட்டிப்போ, கோயிலுக்குக் கூட்டிப்போ என்று கேட்டு நிற்கும் கிழவராக உங்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நானும் அப்படி நிற்க விரும்பவில்லை. ஆகவே பக்கத்து ஆசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் கொடுத்த அதே குரலில், தெருவை உங்களுக்கு வாசித்தேன். "கார் நிக்குது. வளைவு. நாய். சைக்கிள்." நீங்கள் தலையைத் திருப்பாமல் அரை அடி விலகுவீர்கள். பிசகே இல்லை. பின்னாலிருந்த மகன் ஒருநாள், "அம்மா, அப்பாவுக்கு டிக்டேஷனோ? பிழை விட்டா அடியும் விழுமோ?" என்றான். மூவரும் சிரித்தோம். அவனுக்கு எதுவும் தெரியாது. வைத்தியரிடம் போகும் நாட்களில் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம். மகன் கொண்டுவந்து விட்டான் என்று அவரிடம் சொன்னதும் நான்தான்.

இப்படி ஒரு வருடம் ஓடியது. எதுவும் நடக்காதது எனக்கு வெற்றியாகத் தெரிந்தது.

பெப்ரவரி முடிவில், கட்டம் போட்ட தாளில் மோட்டர்ஹோமின் உள்ளமைப்பை வரைந்து என்னிடம் நீட்டினீர்கள். அடுப்பு, கட்டில், மேசை. முன்னால் இரண்டு சதுரங்கள். இடச் சதுரத்தில் 'நான்', வலச் சதுரத்தில் 'நீர்' என்று எழுதியிருந்தீர்கள்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நாட்டில் சாரதி இருப்பது இடப்பக்கம். எதிரே வரும் வாகனங்கள் போவது அவருடைய இடப்பக்கத்தால். நான் இருக்கப்போவது வலப்பக்கம், உங்களுக்கு நன்றாகத் தெரியும் பக்கம். உங்கள் இடப்பக்கத்தில் கண்ணாடிக் கதவும் மலைப்பாதையும் தவிர எவரும் இல்லை.

"அங்க நான் இந்தப் பக்கமோ இருக்கிறது?"

"ஓம். உமக்கு எல்லாம் வடிவாத் தெரியும்."

"அப்ப உங்கட இடப்பக்கம்?"

பென்சிலைச் சீவத் தொடங்கினீர்கள். ஏற்கெனவே சீவிய பென்சில். சுருள் சுருளாக மரம் விழுந்துகொண்டிருந்தது.

"பழகிடும்," என்றீர்கள்.

நான் தாளை மடித்துக் கோப்பில் வைத்தேன். அன்றிலிருந்து அந்தக் கசெற்றைப் பார்க்க என்னால் முடியவில்லை. நீங்கள் ஓட்டக்காரர்களைப் பார்த்தீர்கள். நான் பாதையின் இரு பக்கமும் நெருக்கியடித்து நின்ற சனத்தைப் பார்த்தேன். தோளில் குழந்தையை வைத்த தகப்பன்மார். பாதையோர வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே கால் நீட்டி உட்கார்ந்திருந்த கிழவிகள்.

பெரிய வண்டி கைக்குப் பழக வேண்டும் என்று பாபகூராவில் ஒரு மோட்டர்ஹோமை ஒரு சனி ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்தீர்கள். மார்ச் மாதம், நல்ல வெயில். ஊருக்கு அப்பாலிருந்த மலைப்பாதையில் ஏறினோம். இங்கே ஆசனம் பழையபடி, நீங்கள் வலம், நான் இடம். முதல் ஒரு மணித்தியாலம் ஒழுங்காக வாசித்தேன். பிறகு பாதை வெறிச்சென்று கிடந்தது. வண்டியைப் பதிவுசெய்யப் பிரான்ஸ் நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய கடிதம் என் மடியில் இருந்தது. திங்கட்கிழமை அனுப்பவேண்டியது. அதில் ஒரு வசனம் எனக்குச் சரியாகப் படவில்லை. என் கண்ணில் பட்ட பிழையை நான் எப்போது விட்டிருக்கிறேன்? கைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துக் குனிந்தேன்.

ஒரு வரி. அவ்வளவுதான்.

கதவுக்கு வெளியே 'டக்' என்றது. நிமிர்ந்தபோது பக்கக் கண்ணாடி உள்ளே மடிந்திருந்தது. அதில் தெரிந்த சின்னத் துண்டில் ஒரு சைக்கிள் சக்கரம் வானத்தைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. நீங்கள் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"நிப்பாட்டுங்கோ."

"ஏன்?"

"ஒரு ஆள் விழுந்திட்டார். நிப்பாட்டுங்கோ!"

"எங்க?" என்று கேட்டு, வலப்பக்கம் பார்த்தீர்கள்.

நான் முதலில் இறங்கி ஓடினேன். ஐம்பது வயது இருக்கும் அந்த மனிதருக்கு. பாதையோரம் தண்ணீர் ஓடும், புல் நிறைந்த கானுக்குள்ளிருந்து எழும்பிவிட்டார். முழங்கையில் இரத்தம். "அவர் என்னைக் காணவே இல்லையா?" என்று கத்தினார்.

"வெயில் கண்ணில் அடித்துவிட்டது," என்றேன். கன்னியாஸ்திரிகள் சொல்லித்தந்த பிசகில்லாத ஆங்கிலத்தில். சூரியன் எங்களுக்குப் பின்னால் இருந்தது. அவர் திரும்பி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். அவருடைய சைக்கிளைக் கண்டதும் உங்கள் முகம் மலர்ந்தது. இப்படிச் சரளைக் கல்லில் சறுக்குவது எவருக்கும் நடக்கும் என்று அவரைத் தேற்றினீர்கள். வெறும் நிலத்தில் முழங்காலில் இருந்து, கழன்ற சங்கிலியை மாட்டி, சக்கரத்தைச் சுழற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் பார்த்தீர்கள். ஜூலையில் பிரான்சுக்குப் போகிறோம் என்றும் சொன்னீர்கள். அந்த மனிதர் நன்றி சொன்னார். சங்கிலி எண்ணெயில் கறுத்த உங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீங்கள் வண்டிக்குத் திரும்பிய பிறகு என்னிடம் மெதுவாக, "அடுத்த தடவை விழுபவர் எழும்ப மாட்டார், அம்மா," என்றார்.

திரும்பும் வழியெல்லாம் ஒவ்வொரு வேலிக்கட்டையையும் வாசித்தேன்.

"பாவம் அந்தாள். நல்ல சைக்கிள், ஓடத்தான் தெரியேல்ல," என்றீர்கள். "ஆனா பாத்தீரே, இந்த வண்டி என்ர கைக்குள்ள நிக்குது."

உங்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மகனிடம் சொல்லியிருக்கலாம். ஞாயிறு முழுவதும் இரண்டுக்கும் வாய் திறந்து மூடினேன். உங்கள் முகம் எப்படி மாறும் என்று தெரிந்திருந்தது. அந்த முகத்தைப் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை. பள்ளிக்கூட அதிபராக இருந்த பதினொரு வருடத்தில் என் மேசைக்கு வந்த மொட்டைப் பெட்டிசங்களை முழுக்க வாசிக்காமலே கிழித்தவள் நான். பெயர் போட வெட்கப்படுபவருக்குக் குற்றம் சொல்ல உரிமை இல்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் பேசியவள். திங்கட்கிழமை காலை நீங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது, லைசென்ஸ் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் பெயர், விலாசம், உங்கள் கண். கீழே ஒன்றும் எழுதவில்லை. கையெழுத்தைக் கூடச் சாய்த்து மாற்றினேன். இரண்டு கடிதங்களையும் ஒன்றாகவே தபாற்பெட்டியில் போட்டேன், பிரான்சுக்குப் போவதையும் இதையும்.

மூன்று கிழமையில் அவர்களுடைய பதில் உங்களுக்கு வந்தது. ஒரு தகவல் கிடைத்திருக்கிறது, வைத்தியச் சான்றிதழ் தரும்வரை ஓட்டக்கூடாது. நீங்கள் அதை இரண்டு தரம் வாசித்தீர்கள். இரண்டாம் தரம் தாளை வலப்பக்கம் நகர்த்தி வைத்து.

"டொக்டர்தான்," என்றீர்கள். "இது உமக்கும் அந்தாளுக்கும்தான் தெரியும்."

என்னைப் பார்த்தீர்கள். நான் தேநீர்க் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீர் செய்யமாட்டீர்," என்றீர்கள்.

துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தேன்.

உங்கள் கண்ணைப் பற்றி மகனுக்குத் தெரிய வந்தது. முதலில் சத்தம் போட்டான், பிறகு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் லீவு எடுக்கிறன் அப்பா, நான் ஓடுறன், நீங்கள் வழி சொல்லுங்கோ," என்றான். "சாமான் மாதிரி ஏத்திக்கொண்டு போகப்போறியோ?" என்று கேட்டு வரைபடங்களைச் சுருட்டினீர்கள். அதன் பிறகு அந்த வைத்தியரிடம் நீங்கள் போகவே இல்லை. நாள் குறித்து அவர் மூன்று கடிதம் அனுப்பினார். மூன்றையும் கிழித்தீர்கள். "காட்டிக் குடுத்தவன்ர குளிசை எனக்கு வேண்டாம்," என்று போத்தலைக் குப்பையில் போட்டீர்கள். நான் அதை எடுத்துக் கழுவி மேசையில் வைத்தேன். மறுபடி போட்டீர்கள். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் இல்லை, நான் என்று. உங்கள் கோபம் என் பக்கம் திரும்பியிருக்கும். நீங்கள் என்னோடு கதைக்காமல் இருந்திருப்பீர்கள், ஒரு மாதமோ ஒரு வருடமோ. ஆனால் குளிசையை விழுங்கியிருப்பீர்கள்.

ஜூனில், மழை விடாமல் பெய்த ஒரு காலையில், போட்டி தொடங்க மூன்று கிழமை இருக்கும்போது, சட்டைப் பொத்தான் போட்டபடியே சரிந்தீர்கள். இரண்டாவது அடைப்பு பெரியது. நீங்கள் எழும்பவே இல்லை.

போன மாதம் பக்குரங்கா பிளாசாவில் அந்த வைத்தியரைக் கண்டேன். என்னை அடையாளம் கண்டு நின்றார். உங்களைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, "என்னிடம் அவருக்கு ஏதோ மனக்குறை என்று நினைக்கிறேன். என்னவென்று எனக்குத் தெரியவே இல்லை," என்றார். என் கையில் பால் போத்தல் இருந்தது. அதன் குளிர் விரல்களில் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு நீங்கள் செய்ததற்கு நன்றி, டொக்டர், என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

நாளை அவருடைய கிளினிக்குக்கு பஸ்ஸில் போகப்போகிறேன். சொல்லி நேரம் எடுத்துவிட்டேன், என் சொந்தப் பெயரில். அவருக்குச் சொல்வதற்கு முன் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்பதால்தான் இந்தக் கடிதம். லைசென்ஸ் கந்தோருக்கு அந்தக் கடிதத்தை எழுதியது நான். எழுதியதற்கு வருந்தவில்லை, அந்த மலையில் எவரோ ஒருவர் இன்றும் உயிரோடு இருக்கிறார். எழுதிவிட்டு, பெயர் தெரியாதவளாக உங்களோடு ஒரே மேசையில் மூன்று மாதம் சோறு தின்றேனே, அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். ஒரு நல்ல மனிதர்மேல் கோபத்தோடு நீங்கள் போனீர்கள். அந்தக் கோபம் எனக்கு வரவேண்டியது. இனியாவது என்மேல் கோபியுங்கள்.