அரக்கு வைத்த வெள்ளை ஒயின்

நாளைக்கு உம்முடைய முதல் திவசம். பானகத்துக்கு எலுமிச்சம்பழம் வேண்டுமென்று உம்ம வீட்டம்மா சொல்லிவிட்டார்கள். புளியங்குடிப் பழமாகப் பார்த்து வாங்கி வந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். அந்த வாசம் மூக்கில் ஏறாமலிருக்க ஜன்னலைத் திறந்துவிட்டிருக்கிறேன். எலுமிச்சம்பழத்துக்குப் பயப்படுகிறவன் இந்தச் சங்கரன்கோவிலில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். உம்மிடம் என் வாயால் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து நீர் பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பியபோது, கம்பளிக்குள் சுருட்டி அந்த பாட்டிலைக் கொண்டுவந்தீர். இத்தாலியில் ஒரு கிழவியின் திராட்சைத் தோட்டத்தில் கண்ணிவெடி எடுக்கிற வேலை உமக்கு. அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் நட்ட கொடிகளாம். ஒவ்வொன்றும் ஆள் தொடைப் பருமன். கொடிகளை வெட்டித் தள்ளிவிட்டு வெடியை எடுங்கள் என்று மேலதிகாரி சொல்ல, நீர் கேட்கவில்லை. குப்புறப் படுத்து, கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தி, ஒரு கொடிகூட அறுபடாமல் அத்தனை வெடியையும் எடுத்தீர். அதற்குத்தான் கிழவி அந்தக் கொடிகளின் பழத்தில் செய்த வெள்ளை ஒயினை, வாயில் சிவப்பு அரக்கு வைத்து உமக்குக் கொடுத்தாள். பாஷை தெரியாது. பக்கத்திலிருந்த எலுமிச்சை மரத்தைக் காட்டினாள், பாட்டிலைக் காட்டினாள், தன் மூக்கைத் தொட்டுச் சிரித்தாள். வீட்டில் நல்லது நடக்கும்போது திற என்று சைகையில் சொன்னாள்.

பட்டாளத்தில் இருந்தும் ஒரு சொட்டுத் தொடாத மனுஷர் நீர். "குடிக்க இல்லவே. நம்பிக் கொடுத்ததுல்லா, எப்படிக் கொட்ட?" என்பீர்.

மதுவிலக்கு வந்தது. உமக்குப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் வேலை. குடியிருந்ததோ எட்டுக் குடித்தனம் உள்ள வளவு. ஒரு நாள் பையோடு வந்து என் முன்னால் நின்றீர். "உம்ம வீடு தனி வீடு. சர்க்கார் குமாஸ்தா வீட்டுல எவன் வந்து தேடப்போறான்? கொஞ்ச நாள் வச்சிரும்வே."

சர்க்கார் குமாஸ்தா என்பதால்தான் எனக்கு உயிரே போயிற்று. எங்கள் ஆபீஸில் வெளியே போகிற முக்கியத் தபாலெல்லாம் என் கையால் அரக்கு வைத்துத்தான் போகும். அப்படிப்பட்டவன் வீட்டில் சீமைச் சரக்கு அகப்பட்டால் வேலையும் போகும், மானமும் போகும், ஜெயிலும் உண்டு. ஆனாலும் சிநேகிதராகிய உமக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

பருத்திக்கொட்டை மூட்டைக்குள் புதைத்து வைத்தேன். அன்றுமுதல் மாட்டுக்கு நானே பருத்திக்கொட்டை அள்ளினேன். "ஒரு நாளும் தொழுவுப் பக்கம் எட்டிப் பாக்காத மனுஷன், இப்ப என்ன அள்ளித் தட்டுதிய?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். மாடு இளைத்துவிட்டது என்றேன். மாடு நன்றாகத்தான் இருந்தது. இளைத்தது நான்தான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய வாரம், மூன்றாவது வீட்டில் சாராய ஊறல் பானையைப் பிடித்தார்கள். போலீஸ் பூட்ஸ் சத்தம் தெருவில் கேட்டது. எங்கள் வாசலில் நின்று ஒரு போலீஸ்காரர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீர்தான் கேட்டார். நான் புறவாசலுக்கு ஓடி, கத்தியால் அரக்கை உடைத்து, தக்கையை நெம்பி, முருங்கை மரத்தடியில் அத்தனையையும் கவிழ்த்துவிட்டேன். எலுமிச்சையும் தேனும் கலந்தாற்போல ஒரு வாசம் எழுந்தது. எத்தனையோ தலைமுறை பார்த்த கொடியின் சாறு, ஒரு செம்புத் தண்ணீரை அவர் குடித்து முடிப்பதற்குள் மண்ணில் போய்விட்டது. பாட்டிலையும் தக்கையையும் மட்டும் எறிய மனசு வரவில்லை.

அதற்குப்பிறகு உம்மைக் கண்டால் விலகி நடக்கத் தொடங்கினேன். பார்க்கும்போதெல்லாம், "என்னவே, நம்ம ஆளு சௌக்கியமா?" என்று கண்ணடிப்பீர். "சௌக்கியம்" என்பேன். எத்தனை சௌக்கியம் சொல்லியிருப்பேன்!

பிறகு உமக்கு நெஞ்சில் சீக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "நல்லது நடக்கட்டும்னு எவ்வளவு நாள்வே காத்துக் கெடக்க? நாளைக்கு அதைக் கொண்டாரும். ஒரு வாய் பாப்பம்" என்றீர்.

அன்று நான் தூங்கவில்லை. விடிந்ததும் புளியங்குடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கற்கண்டும் கொஞ்சம் தேனும் போட்டு, துணியில் நாலு தடவை வடிகட்டி பாட்டிலில் ஊற்றினேன். பையில் வைத்து ஆபீஸுக்கே எடுத்துப் போனேன். வெறும் எலுமிச்சைத் தண்ணீர்தானே, அதனால் வந்த தைரியம். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் தக்கையைச் செருகி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி வைத்தேன். இருபது வருஷமாகச் செய்கிற வேலை. கண் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, கை தானாக முடித்துவிட்டது.

சாயங்காலம் நீர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர். அரக்கைக் கட்டைவிரலால் வெகுநேரம் தடவினீர். பிறகு நீரே நகத்தால் நெம்பி, அது உடையாமல் எடுத்தீர். உம்ம வீட்டம்மா ஒரு கரண்டி புகட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினீர்.

"கெழவி பொய் சொல்லல்லவே. அதே எலுமிச்சை வாசந்தான்" என்றீர். வீட்டம்மாவைப் பார்த்து, "இவருக்கும் ஒரு கரண்டி குடு. பாவம், பயந்து பயந்து காவல் காத்த மனுஷன்."

நான் குடித்தேன். புளித்தது. அழுகையை அடக்க முடியவில்லை. நீர் என் கையைப் பிடித்து, அந்த அரக்குத் துண்டை உள்ளே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினீர். "இதைக் கண்ட எடத்துல போட்டுராதேயும். உம்ம வேலைக்கு ஆகாது" என்றீர். நாலாம் நாள் நீர் போய்விட்டீர்.

வீட்டுக்கு வந்துதான் கையைத் திறந்து பார்த்தேன். இத்தாலிக் கிழவி வைத்ததாக நான் காட்டிய அரக்கில் மூன்று சிங்கமும் எங்கள் ஆபீஸ் பெயரும் பளிச்சென்று பதிந்திருந்தன. பழக்க தோஷம், முத்திரையையும் குத்தியிருக்கிறேன்!

அந்தத் துண்டு என் பேனாப் பெட்டியில் இருக்கிறது. போலீஸ் பயம் எனக்கு இப்போது இல்லை. நாளைக்கு உம் படத்துக்கு முன்னால் பானகம் வைக்கும்போது உம் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றுதான் பயம். கொடி ஒன்றும் அறுபடாமல் வெடியை எடுத்த விரல்கள், அன்றைக்கு என் விரல்களை மடக்கின. அந்தச் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது.